இளைப்பாறிகள்

வீட்டில் இளையவள் என்பதால் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். முப்பது வயதைத் தாண்டியும் அது மாறவில்லை. அக்கா ஒருநாள் அலுவலகத்துக்கே போன் செய்து "எங்க சின்னவ இருக்காளா?" என்று கேட்ட புண்ணியத்தில், அங்கேயும் அவள் சின்னவள் ஆகிவிட்டாள்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லி நழுவிவிடுவாள். விளக்கப் போனால் விடிந்துவிடும். அவள் இருந்தது ஓர் இணைய விளையாட்டு நிறுவனம். அவர்கள் நடத்தும் விளையாட்டில் ஒரு மலை உண்டு, மலையில் சுரங்கம் உண்டு, அடிவாரத்தில் சந்தை உண்டு. மாதாமாதம் சந்தா கட்டியவர்கள் உள்ளே போய் இரும்பு வெட்டலாம், வாள் அடிக்கலாம், கடை வைக்கலாம், சண்டை போடலாம், சும்மா ஊர்க்கதையும் பேசலாம். விளையாட்டு நாணயம் இருந்தால் உள்ளே நல்ல வாழ்வு. அதைச் சம்பாதிக்கப் பொறுமை இல்லாதவர்கள் வெளியே யாரிடமாவது நிஜப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அதற்காகவே சிலர் ஆளே இல்லாமல் நிரலை வைத்து இரவும் பகலும் இரும்பு வெட்டுவார்கள். அந்த நிரல்களுக்குப் பாட் என்று பெயர். பாட்களைக் கண்டுபிடித்து வெளியேற்றுவதுதான் சின்னவளின் வேலை.

நிரல் எழுதுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நிஜ ஆள் போலத் தோன்றுவதற்காகக் கைதவறவும் வழிதவறவும் பாட்களைப் பழக்கி வைப்பார்கள். சின்னவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருவத்தில் விளையாட்டுக்குள் போய், சுரங்க வாசலில் மணிக்கணக்கில் நிற்பாள். அப்படித்தான் ஒரு கூட்டம் அவளிடம் சிக்கியது.

அவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். வேறு வேறு முகம், வேறு வேறு உடை. வெட்டிய இரும்பைச் சந்தையில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, பாதையோரத்து மரத்தடியில் ஒவ்வொருவரும் சற்று நேரம் உட்கார்ந்தார்கள். உட்கார்வதால் விளையாட்டில் ஒரு பைசாப் பயன் இல்லை. பிறகு எழுந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மலையேறினார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினார்கள்.

"களைப்பாறுற பாட்ட இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அவளுடைய மேலாளர். எதற்கெடுத்தாலும் "நிதானமா பாப்போம்" என்பதால் அலுவலகமே அவரை நிதானம் என்றுதான் அழைத்தது. அவர்தான் அந்தக் கூட்டத்துக்கு இளைப்பாறிகள் என்று பெயர் வைத்தார். எழுதியவன் யாரோ நல்ல மனம் படைத்தவன் என்று அன்று டீ குடிக்கும்போது சிரித்தார்கள்.

இளைப்பாறிகளோடு அந்தப் பருவத்தில் பிடிபட்ட மற்ற பாட்களையும் சேர்த்துக் கணக்கு எடுத்தபோதுதான் சிரிப்பு நின்றது. சந்தா கட்டுகிறவர்களில் எட்டில் ஒரு பங்கு ஆளே இல்லை.

நிதி அதிகாரியின் அறையில் கூட்டம் நடந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"இவங்க சந்தா கட்டுறாங்களா, இல்லையா?"

"கட்டுறாங்க மேடம்" என்றார் நிதானம்.

"திருட்டு கார்டா?"

"சில பேர். அவங்கள அன்னன்னிக்கே எடுத்துடுறோம். இல்லேன்னா பேங்க் பணத்தத் திரும்பக் கேட்கும், நமக்கு அபராதமும் விழும். மத்தவங்கெல்லாம் சொந்தக் காசுதான் கட்டுறாங்க."

"அப்ப அவசரம் எதுக்கு? நம்ம பங்குல பாதிய வாங்கறதுக்கு ஒரு பெரிய கம்பெனி பேசிக்கிட்டிருக்கு. அவங்க பாக்கப் போறது சந்தாதாரர் எண்ணிக்கையத்தான். இந்த நேரத்துல எட்டுல ஒரு பங்க வெட்டினா என்ன ஆகும்? விக்கிறது முடியட்டும். அதுவரைக்கும் தொட வேண்டாம். வெளியில யார்கிட்டயும் பேசவும் வேண்டாம்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. வெளியே வந்ததும் நிதானத்தைப் பிடித்துக்கொண்டாள். "சார், அப்ப நாம எதுக்கு இருக்கோம்?"

"வருஷா வருஷம் நடக்கறதுதாம்மா. கொஞ்ச நாள் சேர விட்டு, மொத்தமா எடுப்போம். எடுத்த பத்து நாள்ல அவனுங்க புதுசா கணக்குத் தொறந்து, மறுபடி காசு கட்டி வருவானுங்க. வெளிய போனாலும் வருமானம், உள்ள வந்தாலும் வருமானம். நிதானமா இரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள்.

பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளை வளர்த்தது அக்காவும் மாமாவும்தான். மாமா லாரி ஓட்டுநர். தூரத்துச் சரக்கு ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் போய்விடுவார். வந்தால் வீடே கலகலக்கும். கல்லூரி நுழைவுத் தேர்வன்று பஸ் ஓடாமல் போக, அவளைச் சரக்கு ஏற்றிய லாரியிலேயே தேர்வுக்கூட வாசலில் கொண்டு இறக்கியவர் அவர். மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவளுக்கு அன்று வெட்கமாக இருந்தது. பின்னால் அந்த வெட்கத்தை நினைத்தும் வெட்கப்பட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஓய்விடத்தில் மாமாவுக்கு வலிப்பு வந்தது. இறங்கி நின்ற நேரத்தில் வந்ததால் உயிர் பிழைத்தார். இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உரிமமும் போயிற்று. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவார். பிறகு பழைய கம்ப்யூட்டர்களை எடைக்கு வாங்கி வந்து பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்றில் மனம் போகிறதே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அக்கா தையல் கூடத்தில் மேற்பார்வை வேலை. அன்று அவள் முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது.

"உங்க மாமா இப்ப உன் கம்பெனிக்குத்தான் வேலை பாக்குறார், தெரியுமா?"

"என் கம்பெனிக்கா?"

"ஆமாடி. பின்னால ரூம்ல போய்ப் பாரு. வாய் ஓயாம உன் கம்பெனி விளையாட்டுதான். ஆறு மாசமா வீட்டு வாடகை அவரோட காசு."

பின்னறைக் கதவைத் திறந்ததும் அடுப்படி போல அனல் அடித்தது. இரும்பு அலமாரியில் மூடி இல்லாத கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. இரண்டு டேபிள் ஃபேன்கள் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தன. மாமா பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா. காத்து மெஷினுக்குத்தான், மனுஷனுக்கு இல்ல" என்று சிரித்தார்.

சின்னவள் திரைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு திரையிலும் ஐந்தாறு சிறு கட்டங்கள். ஒரு கட்டத்தில், பாதையோரத்து மரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எழுந்தான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். மலையேறப் போனான். பக்கத்துக் கட்டத்தில் இன்னொருவன் வந்து உட்கார்ந்தான்.

மாமா லாரியை எடுக்கும் முன், எவ்வளவு அவசரமானாலும், அதை ஒரு சுற்றுச் சுற்றி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். தேர்வுக்கு நேரமாகிறது என்று அவள் அழுதுகொண்டு நின்றபோதும் அப்படித்தான் சுற்றினார். இத்தனை நாள் அந்த மரத்தடியில் நின்று பார்த்தும் அது தன் நினைவுக்கு வரவில்லையே என்று நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா மாமா?"

"முதல்ல ஒருத்தன்கிட்ட வாங்கினேன். சரியில்ல, மூச்சு விடாம ஓடிக்கிட்டே இருந்துச்சு. மனுஷன் அப்படியா வேலை செய்வான்? அப்புறம் நானே மாத்தி எழுதக் கத்துக்கிட்டேன். பாதி வெட்டி ஒட்டினது, பாதி என் மூளை."

அவர் குரலில் பெருமை தெரிந்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா, இது விதிக்கு விரோதம்."

"விதி படிச்சேன். ஆனா யாரையும் ஏமாத்தலையே. ஒவ்வொண்ணுக்கும் மாசாமாசம் என் கார்டுலேருந்து சந்தா கட்டுறேன். ஒரு நாள் தவறினதில்ல. என்ன விட நல்ல வாடிக்கையாளர் உங்க கம்பெனிக்கு யாரு?"

நிதி அதிகாரி பேசிய நியாயத்தையே இவரும் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நான் அங்க என்ன வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா? இவங்களப் பிடிக்கிறதுதான் என் வேலை. உங்க ஆளுங்க அத்தனை பேரையும் நானே பிடிச்சாச்சு."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார். பக்கத்து லாரியில் என்ன கோளாறு என்று கேட்கிற அதே குரல்.

"சொல்ல மாட்டேன் மாமா."

"சரி, சொல்லாத. எப்ப எடுப்பீங்க?"

"அதுவும் சொல்ல முடியாது. நீங்களே இன்னிக்கே நிறுத்திடுங்க."

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். "பாப்பா கடைசி வருஷம் படிக்கிறா. ஹாஸ்டல்ல இருக்கா. அவ முடிக்கிற வரைக்கும்னு நெனச்சேன்" என்று மகளைப் பற்றிச் சொன்னார். அன்று சாப்பிட்டது எதுவும் அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும் என்று திங்கட்கிழமை காலை முடிவு செய்தாள். மாலையில், நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். அந்த நாளை வரவேயில்லை.

வாரங்கள் போயின. பங்கு விற்பனைப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. இளைப்பாறிகள் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் அக்கா போனில் அழுதாள். "மாமா எல்லாத்தையும் சொன்னார்டி. தப்பான வேலைன்னு எனக்குத் தெரியாம போச்சு. ஆனா பிடிச்சும் எடுக்காம இருக்கே, நீ எங்கள விட்டுக் கொடுக்கலையே. பெத்த பொண்ணு மாதிரி வளர்த்தேன், வீண் போகல."

"அக்கா, நான் ஒண்ணும் செய்யல."

"சரி சரி, போன்ல பேச வேண்டாம்."

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று போனாள். அக்கா அவளுக்குப் பிடித்ததாகவே பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தாள். பின்னறையில் இன்னோர் அலமாரி முளைத்திருந்தது. அதில் பெட்டிகூடப் பிரிக்காத புதுக் கம்ப்யூட்டர்கள். ஓட்டுநர் சங்கத்திலிருந்து மாமாவுக்கு வந்த தொகை ஒன்று இருந்தது. மகள் கல்யாணத்துக்கென்று தொடாமல் வைத்திருந்ததை எடுத்துவிட்டிருந்தார்.

"எதுக்கு மாமா இது?" என்று கேட்டாள்.

"பயம் இருந்தப்ப வாங்கல. இப்ப என்ன பயம்?" என்று அவள் தலையில் கைவைத்தார். "நான் வாய் தெறந்து கேக்கல. நீயா செஞ்ச. அதான் பெருசு."

"மாமா, சத்தியமா நான் எதுவும் செய்யல. எப்ப வேணாலும் போயிடும். இத திருப்பிக் குடுத்துடுங்க."

மாமா கண்ணைச் சிமிட்டினார். "தெரியும், தெரியும். நீ எதுவும் செய்யல. எனக்கும் எதுவும் தெரியாது."

கம்பெனிதான் காசுக்காக ஆறப் போட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது வெளியே போனால் விற்பனையே கவிழும். நிதானம் உட்பட எல்லோர் வேலைக்கும் உலை. செய்யாத உதவிக்குக் கிடைத்த சாப்பாட்டை அவள் தலைகுனிந்து சாப்பிட்டாள். நன்றி இவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இதற்கு நடுவில்தான் கொல்லர்கள் வெளியேறினார்கள்.

விளையாட்டுச் சந்தையில் வாள் அடித்து விற்கும் ஒரு குழு இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருப்பவர்கள். அதன் தலைவி நிஜத்தில் ஒரு பேக்கரி வைத்திருக்கும் பெண்மணி. அடுப்பு சூடாகும் நேரத்தில் கொஞ்சம் விளையாடுவேன் என்று முறையீடுகளில் எழுதுவார். பாட்கள் இரும்பைக் கொட்டிக் கொட்டி விலை தரைமட்டமாகிவிட்டது. மலிவு இரும்பில் ஆளாளுக்கு வாள் அடித்துக்கொண்டதால், கொல்லர்கள் எதை அடித்தாலும் வாங்க ஆளில்லை. அவர் அனுப்பிய முறையீடுகளை எல்லாம் சின்னவள் படித்திருந்தாள். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்ற தயார்ப் பதிலை அனுப்பியவளும் அவள்தான்.

ஒருநாள் மதியம் அந்தக் குழு சந்தைச் சதுக்கத்தில் கூடியது. சின்னவள் கண்ணுக்குத் தெரியாமல் ஓரமாக நின்றாள். ஒவ்வொருவராக வந்து தங்கள் சுத்தியலைத் தரையில் வைத்தார்கள். இங்கேதான் பழகினோம், இங்கே பழகித்தான் கல்யாணம் ஆயிற்று என்று ஒரு தம்பதி எழுதினார்கள். கணவரை இழந்த வருடம் இந்தச் சந்தைக்கு வந்துதான் மனிதர்களோடு பேசினேன் என்று இன்னொருவர் எழுதினார். வைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள்.

கடைசியாக பேக்கரிக்காரம்மா நின்றார். உடனே போய்விடவில்லை. பாதையோரம் நடந்து போய், மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவன் முன்னால் நின்றார்.

"தம்பி, நீயாவது மனுஷன்தானா?" என்று எழுதினார்.

அவன் எழுந்தான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். மலையேறிப் போய்விட்டான். அந்த அம்மாள் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு மறைந்தார்.

சின்னவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நேராக நிதானத்திடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். மாமா, லாரி, பின்னறை, கண்சிமிட்டல், ஒன்று விடாமல். அவர் நிதானமாகப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. "முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு எழுந்து, "வா, மேடத்துக்கிட்ட போவோம். நானும் வரேன்" என்றார்.

நிதி அதிகாரி இந்த முறையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"வேலை போகும்னு தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

"உங்க மாமாவும் இதுல இருக்கார். தள்ளிப் போனா அவருக்குத்தானே லாபம்? நீ ஏன் அவசரப்படுத்துற?"

"நான்தான் அவரக் காப்பாத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு, கையில இருந்ததையும் போட்டுட்டார் மேடம். ஒவ்வொரு நாளும் பள்ளம் ஆழமாகுது. அங்க சந்தையிலயும் அதுதான் நடக்குது. நிஜ ஆளுங்க கெளம்பிக்கிட்டே இருக்காங்க. பாட்கள் அவங்க எடத்த நிரப்புறதால மொத்த எண்ணிக்கை குறையல. அதனால நமக்குத் தெரியல. வாங்க வர்றவங்க கையில நாம ஆளில்லாத ஊரத்தான் குடுக்கப் போறோம்."

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "போன தடவை எதிர்பார்த்த பணம் வரலேன்னு இந்த மாடியில இருந்த இருபது பேர வேலைய விட்டு அனுப்பினேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே சொன்னேன். ஒருத்தன் குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்திருந்தான். மறுபடி அதச் செய்யக் கூடாதுன்னுதான் இந்த எண்ணிக்கையக் கட்டிக்கிட்டு அழறேன். என்னைப் பணப்பேய்னு நெனச்சிருப்பே."

சின்னவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"வாங்குறவங்களுக்கு விஷயம் பின்னால தெரிஞ்சா ஏமாத்து வேலைன்னு கோர்ட்டுக்கும் போவாங்க" என்றார் நிதானம். அவர் வாயிலிருந்து இவ்வளவு வேகமாக ஒரு வாக்கியம் வந்ததை இருவரும் அன்றுதான் கேட்டார்கள்.

இரண்டு நாள் மேலிடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். நிஜ ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் தனியாகக் காட்டி விற்பது என்று முடிவாகியிருந்தது. விலை குறையும், பரவாயில்லை. வெள்ளிக்கிழமை காலை எல்லாப் பாட்களையும் எடுப்பார்கள். பொத்தானை நிதானம் அழுத்துவார். சின்னவள் அந்தப் பக்கமே வரக்கூடாது. மறைத்ததற்காக அவளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை.

"உங்க வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லுவியா?" என்று கேட்டார் அம்மாள்.

"சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு எனக்கு லீவு வேணும்."

வெள்ளிக்கிழமை காலை பழம் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுப் படியேறினாள். தையல் கூடத்துக்கு அன்று விடுமுறை என்பதால் அக்காவும் வீட்டில் இருந்தாள். வேலை நாளில் வந்து நிற்கிறாளே என்று இருவருக்கும் ஆச்சரியம். மாமா புதுக் கம்ப்யூட்டர்களில் பாதியைப் பிரித்து ஓடவிட்டிருந்தார். சின்னவள் அவருடைய மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டாள். அக்கா கொண்டுவந்த டீ கையிலேயே ஆறியது.

முதலில் ஒரு கட்டம் சாம்பல் நிறமானது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. மாமா எழுந்து கேபிளை அசைத்துப் பார்த்தார். மோடத்தை அணைத்துப் போட்டார். மடமடவென்று எல்லாத் திரைகளிலும், கணக்கு நீக்கப்பட்டது என்று ஒரே வரி வந்து நின்றது. ஃபேன்கள் மட்டும் விடாமல் சுற்றின. அவர் கேபிளைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"நீங்க தனியா இருக்கறப்ப நடந்து, உடம்புக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயந்து வந்தேன் மாமா."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "அப்ப இத்தனை நாளா? கூப்பிட்டு வச்சு சாப்பாடு போட்டேனே."

"நான் காப்பாத்தலக்கா. முதல்லேருந்தே சொன்னேன், நீங்க நம்பல. சந்தாக் காசு குறையக் கூடாதுன்னு கம்பெனிதான் நிறுத்தி வச்சிருந்தது. அத வெளியில சொல்ல எனக்கு வாயில்ல."

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கசப்பாக. "அவங்க காசுக்காக என்னை விட்டு வச்சிருந்தாங்க. நீ பாசத்துக்காக விட்டு வச்சிருக்கேன்னு நான் நெனச்சேன்."

அதைக் கேட்டபோதுதான் சின்னவளுக்குக் கண்ணீர் வந்தது.

"எழுந்து போடி" என்றாள் அக்கா. "இப்ப உன் மூஞ்சியப் பாக்க என்னால முடியல."

சின்னவள் எழுந்தாள். கீழே இறங்கித் தெரு முனையில் வெகுநேரம் நின்றாள். மாமாவுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நகர்ந்தாள்.

பங்கு குறைந்த விலைக்குத்தான் போனது. அந்த வருடம் யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. ஆனால் யாரையும் வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. கொல்லர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். பேக்கரிக்காரம்மாவுக்குச் சின்னவள் தன் கைப்பட நீளமான மன்னிப்பு எழுதினாள். அவர் பதில் எழுதினார், திரும்பி வரவில்லை. பாட்களும் நிதானம் சொன்னபடி வேறு முகத்தோடு வந்து சேர்ந்தன. இந்த முறை வாரம் தவறாமல் எடுத்தார்கள். எத்தனை எடுத்தோம் என்று விளையாடுகிறவர்களுக்கே அறிவிக்க வேண்டும் என்று நிதி அதிகாரிதான் அடம்பிடித்தார்.

அக்கா பேசவில்லை. சின்னவள் போன் செய்தால் எடுக்காமல் விட்டாள். ஹாஸ்டலில் இருந்த மகளிடமிருந்துதான் சேதி வந்தது. பிரிக்காத பெட்டிகளைக் கடைக்காரர் குறைத்துத்தான் எடுத்துக்கொண்டாராம். மற்றவற்றை ஒரு டைப்பிங் நிலையம் வாங்கிக்கொண்டதாம். "அப்பா ஒரு வாரம் பேசாம இருந்தார் சித்தி. அப்புறம் ஒருநாள் சட்டையப் போட்டுக்கிட்டு, அவர் பழைய லாரிக் கம்பெனிக்கே போயிட்டார்." இரண்டு வருடமாக அந்தத் தெரு வழியாகக்கூடப் போகாமல் இருந்தவர். தன்னை விட்டுவிட்டு லாரி கிளம்புவதைப் பார்க்க முடியாது என்று நினைத்திருந்தார். போய் நின்றதும், சரக்கு ஏற்றி அனுப்பும் மேசையில் ஆள் வேண்டும், வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் முன்பு வந்ததில் பாதிதான். மகள் மாலையில் பகுதிநேர வேலை ஒன்று தேடிக்கொண்டாள். ஹாஸ்டல் கட்டணத்தில் ஒரு பங்கைச் சின்னவள் கட்டுகிறேன் என்றதற்கு, "அம்மாவுக்குத் தெரியாமன்னா வேண்டாம் சித்தி" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் எண் திரையில் வந்தது. சின்னவள் எடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"இப்பத்தான் உக்கார்றேன்."

"நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பாப்பாவும் வரா. அவகிட்ட ஏதோ ஃபீஸ் விஷயம் பேசினியாமே, அத எங்கிட்டயே நேர்ல பேசு."

"மாமா?"

"அவர்தான் உன்னக் கூப்பிடச் சொன்னார்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் சொன்னதா சொல்ல வேண்டாம்னும் சொன்னார். நானே கூப்பிட்டதா வச்சுக்க."

சின்னவள் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் காலை டீ குடித்து முடிக்கும் முன்பே போய்க் கதவைத் தட்டினாள்.